எல்லா வலைத்தளத்துக்கும் டார்க் மோட்: முதலில் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் கட்டாயப்படுத்துங்கள்

பிரவுசரில் டார்க் தீம் போட்டாயிற்று, மேலே டேப் வரிசை, மெனு எல்லாம் கருப்பாகிவிட்டது, ஆனால் உள்ளே திறக்கும் பக்கம் மட்டும் பழையபடி பளீரென்று வெள்ளையாகவே இருக்கிறது. இது ஏன் என்று கேட்காதவர்கள் குறைவு. காரணம் எளிது. பிரவுசரின் தீம் பிரவுசருடைய சட்டத்துக்கு மட்டும்தான் வண்ணம் பூசும். பக்கத்தின் நிறத்தை முடிவு செய்வது அந்தத் தளத்தை உருவாக்கியவர்.

ஆகவே ஒரு தளத்தை இருட்டாக்க இரண்டு வழி உண்டு. அந்தத் தளக்காரர் ஏற்கெனவே ஓர் இருட்டு வடிவத்தைச் செய்து வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். செய்து வைக்கவில்லை என்றால், பக்கத்தின் நிறங்களை பிரவுசரே வலுக்கட்டாயமாக மாற்றும்படி செய்யலாம். முதல் வழியில் கிடைப்பது அழகாக இருக்கும், எதுவும் உடையாது. இரண்டாவது எல்லாத் தளத்திலும் நடக்கும், ஆனால் அங்கங்கே பல்லிளிக்கும். நிறையப் பேர் முதல் வழி என்று ஒன்று இருப்பதையே பார்க்காமல் நேராக எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) தேடிப் போய், நன்றாக இருக்கும் தளங்களையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்த வரிசையிலேயே போவோம்.

கேட்டு வாங்குவது

2019-க்குப் பிறகு வந்த பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் கணினி இருட்டு நிலையில் இருக்கிறதா, வெளிச்ச நிலையில் இருக்கிறதா என்பதைத் தளம் பிரவுசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த வருடம் மார்ச்சில் சஃபாரி 12.1, மே மாதம் ஃபயர்பாக்ஸ் 67, ஜூலையில் குரோம் 76 என்று வரிசையாக வந்தது. இருட்டு என்று பதில் கிடைத்தால் தளம் தன் இருட்டு வடிவத்தைக் காட்டும். நீங்கள் ஒவ்வொரு தளத்திலும் போய்ச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு கணினியில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, பெர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ், அங்கே மோடை டார்க் என்று மாற்றுங்கள். டாஸ்க்பார் வெளிச்சமாக இருக்கட்டும், மற்றவை மட்டும் இருட்டாகட்டும் என்றால் கஸ்டம் என்ற தேர்வு இருக்கிறது. அதில் விண்டோஸுக்கு ஒன்று, ஆப்களுக்கு ஒன்று என இரண்டு வரி வரும், பிரவுசர் கவனிப்பது ஆப்களுக்கான வரியை. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், டார்க். உபுண்டு போன்ற லினக்ஸ்களிலும் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் என்ற பகுதியிலேயே இருக்கும். மேக்கில் ஆட்டோ என்று வைத்தால் பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு என்று தானே மாறிக்கொள்ளும்.

அடுத்து பிரவுசர் அதைக் கேட்கிறதா என்று ஒரு பார்வை. குரோமில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், அங்கே மோட் என்ற இடத்தில் டிவைஸ் என்று இருக்க வேண்டும். முன்பு எப்போதோ லைட் என்று மாற்றி வைத்து மறந்திருப்பீர்கள். எட்ஜிலும் இதே அப்பியரன்ஸ் பகுதிதான். ஃபயர்பாக்ஸில் இது இன்னும் வசதி: செட்டிங்ஸின் ஜெனரல் பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் வெப்சைட் அப்பியரன்ஸ் என்று மூன்று சின்னப் படங்கள் தெரியும், ஆட்டோமேட்டிக், லைட், டார்க். கணினி வெளிச்சமாகவே இருக்கட்டும், தளங்கள் மட்டும் இருட்டாகட்டும் என்பவர்கள் இங்கே டார்க்கைத் தட்டினால் வேலை முடிந்தது.

ஃபயர்பாக்ஸில் ஒரு சிக்கல் உண்டு. நம்மை அடையாளம் காணவிடாமல் தடுக்கும் கடுமையான தனியுரிமை அமைப்பை உள்ளே போய் யாராவது இயக்கி வைத்திருந்தால், நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தாலும் அது தளங்களிடம் வெளிச்சம் என்றே பதில் சொல்லும். இருட்டை விரும்புகிறவரா என்பதுகூட ஓர் ஆளைப் பிரித்தறிய உதவும் துப்பு என்பதால் அப்படிச் செய்கிறார்கள். அடையாளம் தெரியாமல் உலாவுவதற்கென்றே செய்த டோர் பிரவுசர் வெள்ளையாகவே காட்டுவதற்கும் காரணம் இதுதான். அதை மாற்றப் போராடாதீர்கள், அந்த பிரவுசரின் நோக்கமே வேறு.

இதைச் செய்த உடனே நீங்கள் தினமும் போகும் தளங்களை ஒரு சுற்று திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் தானாகவே மாறியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தளத்துக்குள்ளேயே இருக்கும் பட்டன்

சில தளங்களில் இருட்டு வடிவம் இருக்கும், ஆனால் தானாக மாறாமல் போகலாம், நீங்களே உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். யூடியூபில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டினால் அப்பியரன்ஸ் என்று வரும். ஜிமெயிலில் பல்சக்கரத்தைத் தட்டி தீம்களுக்குள் போனால் டார்க் என்று ஒன்று இருக்கிறது. கூகுள் தேடலுக்கும் அதன் செட்டிங்ஸிலேயே தனியாக உண்டு. விக்கிப்பீடியாவுக்கு இது ரொம்ப காலம் இல்லாமலே இருந்தது, 2024-ல்தான் வந்தது: கணினியில் கட்டுரையின் வலப்பக்கம் அப்பியரன்ஸ் என்ற பெட்டியில் எழுத்தின் அளவுக்குக் கீழே நிறத்தையும் மாற்றலாம், அதிலேயே ஆட்டோமேட்டிக்கும் இருக்கிறது.

லாகின் செய்யாமல் பார்க்கும் தளங்கள் இந்தத் தேர்வை பிரவுசருக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். குக்கீகளை அழித்தாலோ இன்காக்னிட்டோவில் திறந்தாலோ மறந்துவிடும். நேற்று போட்டேன், இன்று காணோம் என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

கட்டாயப்படுத்துவது: பிரவுசருக்குள்ளேயே இருக்கும் வழி

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவது, இருட்டு வடிவமே இல்லாத தளங்கள். பழைய வலைப்பூக்கள், விண்ணப்பம் நிரப்பும் தளங்கள், கல்லூரித் தேர்வு முடிவுப் பக்கங்கள், பத்து வருடமாக யாரும் கை வைக்காத தகவல் பக்கங்கள். இவற்றை நாமாக மாற்ற வேண்டியதுதான்.

குரோமில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமலே இதைச் செய்யலாம். முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதன் பின் ஃபிளாக்ஸ் என்று அடித்து என்டர் தட்டுங்கள். சோதனை வசதிகளின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். மேலே இருக்கும் தேடல் பெட்டியில் டார்க் என்று தேடினால் "ஆட்டோ டார்க் மோட் ஃபார் வெப் கன்டென்ட்ஸ்" என்று ஒன்று கிடைக்கும். அதற்கு எதிரே இருக்கும் பெட்டியில் எனேபிள்டு என்று மாற்றி, கீழே வரும் ரீலாஞ்ச் பட்டனைத் தட்டினால் குரோம் மூடித் திறந்து எல்லாப் பக்கத்தையும் இருட்டாகக் காட்டும். எட்ஜிலும் இதே பட்டியல் இருக்கிறது, குரோம் என்ற இடத்தில் எட்ஜ் என்று அடித்தால் போதும். பாதி அடித்துக்கொண்டிருக்கும் விண்ணப்பம் ஏதாவது டேபில் இருந்தால் ரீலாஞ்சுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் வெறும் எனேபிள்டு தவிர இன்னும் சில வகைகள் வரும், பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றும். சிம்பிள் என்று தொடங்குபவை நிறங்களைக் கணக்குப் போட்டுத் தலைகீழாக்கும் வெவ்வேறு முறைகள். செலக்டிவ் என்று தொடங்குபவை எதை மாற்றுவது, எதை விடுவது என்று பார்த்துச் செய்பவை. முதலில் வெறும் எனேபிள்டு வைத்துப் பாருங்கள். படங்கள் விகாரமாகத் தெரிந்தால் செலக்டிவ் வகைகளில், படம் அல்லாதவற்றை மட்டும் மாற்றும் வகைக்குப் போங்கள்.

இதன் பெரிய லாபம் வேகம். பக்கத்தை வரையும் இடத்திலேயே நிறம் மாறுவதால், புதுப் பக்கம் திறக்கும்போது கண நேரம் வெள்ளை மின்னிவிட்டு இருட்டாகும் அந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. குறை என்னவென்றால், இந்தத் தளத்துக்கு வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல கணினியில் வழியில்லை. வைத்தால் எல்லாவற்றுக்கும், எடுத்தால் எல்லாவற்றுக்கும். அப்புறம், இது சோதனை வசதி. ஏதாவது ஒரு புதுப்பிப்பில் பெயர் மாறலாம், காணாமலும் போகலாம். ஓபராவில் இதே வேலையைச் செய்ய செட்டிங்ஸிலேயே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், ஃபிளாக்ஸ் வரை போகத் தேவையில்லை.

ஃபயர்பாக்ஸில் இந்த மாதிரி புத்திசாலித்தனமான சுவிட்ச் இல்லை. பக்கம் சொல்லும் நிறங்களை ஒதுக்கிவிட்டு நீங்கள் தேர்ந்தெடுத்த பின்னணியையும் எழுத்து நிறத்தையும் எல்லாத் தளத்திலும் திணிக்கும் ஒரு பகுதி செட்டிங்ஸில் உண்டு. ஆனால் அது மொட்டை அடிக்கிற வேலை. பட்டன்கள், பெட்டிகள் எல்லாம் தங்கள் நிறத்தை இழந்துவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம், மற்றவர்களுக்கு எக்ஸ்டென்ஷனே மேல்.

டார்க் ரீடர்

எக்ஸ்டென்ஷன் என்றால் என் தேர்வு டார்க் ரீடர்தான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. சஃபாரிக்கு மட்டும் காசு.

போடுவதற்கு முன் ஒரு விஷயம். இதை நிறுவும்போது, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் இருக்கும் எல்லாத் தகவலையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். பக்கத்தின் நிறத்தை மாற்ற அது இல்லாமல் முடியாது, அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதே அனுமதியை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதும் உண்மை. தளங்களின் தோற்றத்தை மாற்றப் பலர் பயன்படுத்திய ஸ்டைலிஷ் என்ற எக்ஸ்டென்ஷன், கைமாறிய பிறகு ஆட்கள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்பதைத் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தது 2018-ல் வெளியே வந்து, குரோமும் ஃபயர்பாக்ஸும் அதைத் தங்கள் எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து தூக்கின. அதே வேலைக்கு இப்போது ஸ்டைலஸ் என்ற வேறொன்றை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதனால், தேடினால் வரும் "டார்க்" "நைட்" என்ற பெயர்கொண்ட எதையாவது எடுத்துப் போட்டுவிடாதீர்கள். டார்க் ரீடரின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கிருக்கும் லிங்க் வழியாகக் கடைக்குப் போவது பத்திரம். ஒரே மாதிரி ஐகானோடு திரியும் போலிகளிடமிருந்து அது காப்பாற்றும்.

நிறுவியதும் எல்லாப் பக்கமும் இருட்டாகிவிடும். பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பத்து நிமிடம் செலவழித்துச் சரிசெய்தால் வித்தியாசம் தெரியும்.

அதன் ஐகானைத் தட்டினால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், செபியா, கிரேஸ்கேல் என்று நான்கு வரிகள் இருக்கும். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைப்பதுதான் நான் முதலில் சொல்லும் யோசனை, ஏனென்றால் நீண்ட கட்டுரை படிப்பவர்களுக்குத் திரை அதிகம் மின்னினாலும் தொல்லை. செபியாவை லேசாக ஏற்றினால் எழுத்தில் வெண்மை போய் ஒரு மங்கல் மஞ்சள் வரும், இரவுக்கு நன்றாக இருக்கும். பின்னணி ஏன் முழுக் கருப்பாக இல்லை, அடர்சாம்பலாக இருக்கிறது என்று சிலர் குறைப்படுவார்கள். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியும் முழுக் கருப்பைச் சொல்லாமல் 121212 என்ற எண்ணுள்ள அடர்சாம்பலைத்தான் சொல்கிறது. முழுக் கருப்பில் முழு வெள்ளை எழுத்து இருந்தால் விளிம்பில் ஒளி கசிவது போலத் தெரியும், ஆஸ்டிக்மேட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) உள்ள கண்களுக்கு இன்னும் அதிகமாக.

அடுத்தது நிறம் மாற்றும் முறை. ஃபில்டர், ஃபில்டர் பிளஸ், ஸ்டாட்டிக், டைனமிக் என்று நான்கு. ஃபில்டர் செய்வது இது: பக்கம் முழுவதையும் போட்டோ நெகட்டிவ் மாதிரி தலைகீழாக்கும். வெள்ளை கருப்பாகும், கருப்பு வெள்ளையாகும். ஆனால் சிவப்பு பச்சை-நீலமாகிவிடுமே? அதனால் நிறச் சக்கரத்தை 180 பாகை திருப்பி மறுபடி சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுவரும். படங்களும் சேர்ந்து கெட்டிருக்கும் என்பதால் அவற்றை மட்டும் இன்னொரு முறை தலைகீழாக்கி மீட்கும். டைனமிக் இந்தக் கூத்தெல்லாம் செய்யாமல் பக்கத்தின் ஒவ்வொரு நிற விதியையும் படித்து, இது பின்னணியா, எழுத்தா, எல்லைக்கோடா என்று பார்த்துத் தனித்தனியாக மாற்றும். முடிவு அழகாக இருக்கும், நிறுவியதும் தானாக அமைந்திருப்பதும் அதுதான். ஆனால் பக்கம் பெரியதாக, கனமாக இருந்தால் பழைய லேப்டாப்பில் விசிறி சத்தம் போட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட தளத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக்குக்கு மாற்றுங்கள். அது படு எளிமையான விதிகளைத் திணிக்கும், தோற்றம் சுமார்தான், ஆனால் சுமை இல்லை.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி அமைப்பு வைக்கலாம் என்பதுதான் ஃபிளாக்ஸ் வழியைவிட இது உயர்ந்து நிற்கும் இடம். ஐகானைத் தட்டினால் மேலேயே நீங்கள் இருக்கும் தளத்தின் பெயர் இருக்கும், அதைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணைந்துவிடும். விசைப்பலகையில் ஆல்ட், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதேதான். ஏ-க்குப் பதில் டி அழுத்தினால் எல்லாத் தளத்துக்கும் அணையும். இந்த இரண்டையும் விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள், தினமும் தேவைப்படும்.

செட்டிங்ஸில் இன்னும் இரண்டு விஷயம். ஏற்கெனவே இருட்டாக இருக்கும் தளத்தைக் கண்டுபிடித்து விலகிக்கொள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது, அது இயங்குகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் தளக்காரர் கவனமாகச் செய்த இருட்டு வடிவம் அப்படியே வரும், டார்க் ரீடர் அதன்மேல் ஏறி உட்காராது. இன்னொன்று ஆட்டோமேஷன்: இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, அல்லது சூரியன் மறைந்து உதிக்கும் வரை, அல்லது கணினி எப்படி இருக்கிறதோ அப்படி. விண்டோஸ்காரர்கள் இரவானால் தானாக மாற வேண்டும் என்றால் இது கைகொடுக்கும்.

முக்கியமாக ஒன்று: குரோமின் ஃபிளாக்கையும் டார்க் ரீடரையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒன்று இருட்டாக்கியதை இன்னொன்று திரும்பத் திருத்தப் போய் எழுத்து சாம்பல்மேல் சாம்பலாக நிற்கும். பக்கம் வினோதமாக இருக்கிறது என்ற புகார்களில் கணிசமானவை இப்படி இரண்டும் ஒன்றாக ஓடுவதால் வருபவை.

எக்ஸ்டென்ஷன்கள் நுழைய முடியாத பக்கங்கள் சில உண்டு: குரோமின் எக்ஸ்டென்ஷன் கடை, ஃபயர்பாக்ஸின் ஆட்-ஆன் தளம், பிரவுசரின் செட்டிங்ஸ் பக்கங்கள். பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே வெள்ளையாக இருந்தால் டார்க் ரீடர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கணினியிலேயே சேமித்து வைத்த பக்கத்தைத் திறக்கும்போது வேலை செய்யவில்லை என்றால், குரோமின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டார்க் ரீடரின் விவரத்துக்குள் போய் ஃபைல்களை அணுகும் அனுமதியைக் கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம்

கருப்பில் வெள்ளையாக வரும் எழுத்து, வெள்ளையில் கருப்பாக இருக்கும் அதே எழுத்தைவிடத் தடித்தோ கசிந்தோ தெரியும். ஆங்கிலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தமிழில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழி வித்தியாசம், மெய்யா உயிர்மெய்யா என்பதை ஒரு புள்ளி சொல்கிறது. சின்ன அளவில் ஒளி கசிந்தால் ணை, னை எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும், புள்ளி அடுத்த எழுத்தின் கொம்போடு ஒட்டிக்கொள்ளும். கான்ட்ராஸ்டைக் குறைக்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இது.

டார்க் ரீடரில் எழுத்துருவை மாற்றவும் எழுத்தின் கோட்டைத் தடிக்கச் செய்யவும் தனி அமைப்பு இருக்கிறது. தடிமனை ஏற்றாதீர்கள், சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் பக்கத்தைப் பெரிதாக்குங்கள், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறி. 110 அல்லது 125 சதவீதத்தில் பெரும்பாலான தமிழ்ப் பக்கங்கள் தெளிந்துவிடும், அந்த அளவை குரோம் தளம்தோறும் நினைவில் வைத்துக்கொள்ளும். தளத்தின் எழுத்துருவே ஒல்லியாக இருந்தால் விண்டோஸில் நிர்மலா, இல்லாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவி அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கட்டுரை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதையெல்லாம் விடுங்கள், ரீடர் மோட் போதும். ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் விண்டோஸில் எஃப் 9 அழுத்தினால் விளம்பரம், பக்கவாட்டுப் பெட்டி எல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும், அங்கே டார்க் பின்னணி, எழுத்தின் அளவு, வரி இடைவெளி எல்லாம் உங்கள் கையில். குரோமில் ரீடிங் மோட் என்று பக்கவாட்டில் திறக்கும். தமிழ்ச் செய்தித் தளங்களைப் படிக்க இதைவிடச் சிறந்த டார்க் மோட் நான் பார்க்கவில்லை.

எங்கே அணைத்துவிட வேண்டும்

ஆன்லைனில் புடவை வாங்கும்போது முதலில் அணையுங்கள். போட்டோ அநேகமாகத் தப்பிவிடும். ஆனால் அதற்குக் கீழே நிறத்தைத் தேர்வு செய்யக் கொடுத்திருக்கும் சின்ன வட்டங்கள் பெரும்பாலும் படம் இல்லை, பக்கத்தின் நிற விதியால் வரைந்தவை. கட்டாய டார்க் மோட் அவற்றையும் பின்னணி என்று நினைத்து மாற்றிவிடும். அரக்கு காப்பிப்பொடியாகும், மாம்பழ மஞ்சள் புளிக்கரைசலாகும். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகு கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

விண்ணப்பம் நிரப்பும் தளங்களில், அடிக்கும் எழுத்து கண்ணுக்கே தெரியாமல் போவது உண்டு. பெட்டியின் பின்னணி மாறி, எழுத்தின் நிறம் மட்டும் கருப்பாகவே நின்றுவிடும். கேப்ச்சா, அதாவது நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கக் காட்டும் எழுத்துப் படத்தின் பின்னணி ஒளி ஊடுருவுவதாக இருந்தால் அதுவும் கருப்பில் கருப்பாகிவிடும். லோகோக்கள், ஸ்கேன் செய்த கையெழுத்து, கணக்குச் சமன்பாடுகளின் படங்கள் காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். பணம் கட்டும் பக்கத்தில் இதோடு மல்லுக்கட்டாமல் ஆல்ட், ஷிஃப்ட், ஏ.

மெயில் எழுதும்போதும் கவனம். கட்டாய டார்க் மோடில் எழுத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறம் உங்களுக்கு ஒரு மாதிரியும் பெறுபவருக்கு வேறு மாதிரியும் தெரியும். இருட்டுப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் சில சமயம் அந்தக் கருப்புப் பின்னணியும் சேர்ந்து வந்து உட்காரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

போனில்

ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 13-லிருந்தும் டார்க் மோட் போனிலேயே இருக்கிறது, டிஸ்ப்ளே அமைப்பில் போட்டால் கேட்கும் தளங்கள் மாறிவிடும். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், தீம் என்று போனால், அங்கே தளங்களையும் இருட்டாக்கவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். சாம்சங் இன்டர்நெட் பிரவுசரின் டார்க் மோட் தானாகவே எல்லாத் தளத்தையும் கட்டாயப்படுத்தும் வகை. அதனால் நன்றாக இருட்டு வடிவம் வைத்திருக்கும் தளமும் அதில் வேறு மாதிரி தெரியும். செட்டிங்ஸில் லேப்ஸ் என்ற பகுதிக்குள் தளத்தின் சொந்த டார்க் தீமையே பயன்படுத்து என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். தளம்தோறும் கட்டுப்படுத்த வேண்டும் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ், அதில் டார்க் ரீடரை அப்படியே நிறுவலாம்.

ஐபோன் சஃபாரியில் கட்டாயப்படுத்தும் சுவிட்ச் கிடையாது. ஆப் ஸ்டோரிலிருந்து ஒரு சஃபாரி எக்ஸ்டென்ஷனை வாங்க வேண்டும், அல்லது ரீடரை அந்தத் தளத்துக்கு எப்போதும் தானாகத் திறக்கும்படி வைக்க வேண்டும். அக்சஸிபிலிட்டியில் டிஸ்ப்ளே பகுதியில் ஸ்மார்ட் இன்வர்ட் என்று இருப்பது போன் முழுவதையும் தலைகீழாக்கும். அவசரத்துக்கு ஆகும், தினமும் வைத்திருக்க ஆகாது.

பேட்டரி மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையாக இருந்தால் மட்டும், அதுவும் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தால் மட்டும். பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-ல் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கும்போது சராசரியாக 3 முதல் 9 சதவீதம் மிச்சம், 100 சதவீத வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம். பெரும்பாலோர் வீட்டுக்குள் வைத்திருப்பது முதல் கணக்கில்தான் வரும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும், கருப்பைக் காட்டினாலும் செலவு கிட்டத்தட்ட அதேதான். கண்ணுக்கு நல்லதா என்றால், வெளிச்சமான அறையில் வெள்ளையில் கருப்பு எழுத்துதான் படிக்க எளிது என்று சோதனைகள் சொல்கின்றன. பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டார்க் மோடில் கண்ணை இடுக்கிப் படிப்பதில் அர்த்தமில்லை, அதற்குத்தான் அந்த ஆட்டோமேஷனை அமைக்கச் சொன்னேன்.

பிடிஎஃப்

கடைசியாக மிஞ்சும் வெள்ளை இது. டார்க் ரீடரின் செட்டிங்ஸில் பிடிஎஃப்களுக்கும் சேர்த்து இயக்கும் தேர்வு இருக்கிறது, குரோமிலும் எட்ஜிலும் அது பக்கத்தை அப்படியே தலைகீழாக்கும், உள்ளே இருக்கும் போட்டோக்களும் நெகட்டிவ் ஆகிவிடும். எழுத்து மட்டும் உள்ள புத்தகத்துக்குச் சரி, படம் உள்ளதற்கு அடோபி ரீடரில் திறந்து, பிரிஃபரன்ஸில் அக்சஸிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய் ஆவணத்தின் நிறங்களை மாற்றும் பெட்டியை டிக் செய்து பின்னணியையும் எழுத்தையும் தனித்தனியாகக் கொடுங்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ, அதற்கு அடோபியின் வழி பலிக்காது, டார்க் ரீடரின் நெகட்டிவ்தான் கைகொடுக்கும்.